ஸ்டாண்டப்பில் நான் நிற்க வேண்டிய இடம்

ஒன்பது ஆண்டுகள் நிரல் எழுதிய பிறகு, ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை வழிநடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்து, அவ்வப்போது திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் அஜைல் முறையில்தான் வேலை நடக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் முடிவு. இரண்டு நாள் பயிற்சியில் கற்ற ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), ஸ்டாண்டப் (தினசரிக் குறுங்கூட்டம்), ரெட்ரோ (சுற்றின் முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) அனைத்தையும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டேன். ஆனால் இரண்டு வார ஸ்பிரிண்டுகள் நான்கு முடிந்த பின்னும், எடுத்துக்கொண்ட வேலையில் பாதியைக்கூட எங்களால் முடிக்க முடியவில்லை.

காரணம் காலை ஸ்டாண்டப்பிலேயே இருந்தது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டியோ, ஸ்டாண்டப்பின் 15 நிமிடங்களை வேலை செய்பவர்களுக்கே உரியதாக்குகிறது. ஸ்பிரிண்டின் இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்த்து, அன்றைய திட்டத்தை அவர்களே திருத்திக்கொள்வதுதான் அதன் நோக்கம். ஸ்க்ரமை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் 2020 நவம்பரில் வெளியிட்ட பதிப்பில் அந்த மூன்று கேள்விகளே இல்லை. நான் நடத்திக்கொண்டிருந்தது வருகைப் பதிவேடு.

ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக, அதன் நிலைக்கேற்ற பத்தியில் ஒட்டிவைக்கும் பலகை ஒன்று எங்களிடம் உண்டு. மறுநாள் முதல் அந்தப் பலகைக்கு எதிரே நிற்காமல், எல்லோருக்கும் பின்னால் போய் நின்றேன். ஆள் வரிசையை விட்டுவிட்டு, பலகையின் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியும் நிலையில் இருப்பவற்றிலிருந்து, அட்டை அட்டையாகப் பேசச் சொன்னேன். இரண்டு நாள் தயக்கமும் மௌனமும்தான். மூன்றாம் நாள், சோதனைப் பத்தியில் ஒட்டியிருந்த ஒன்பது மஞ்சள் அட்டைகளைக் காட்டி எங்கள் டெஸ்டர், "இது ஒன்பதையும் நான் ஒருத்திதான் பாக்கறேன்" என்றார். என்னிடம் அல்ல, நிரலாளர்களிடம். அவர்களில் ஒருவர், "இன்னைக்கு நான் புதுசா எதுவும் எடுக்கலைங்க, வாங்க, சேர்ந்து முடிச்சிடலாம்" என்றார்.

அன்றே அந்தப் பத்தியில் மூன்று அட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று குழு முடிவு செய்தது. டொயோட்டா ஆலைகளில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பானிலிருந்து வந்த வழக்கம் இது: அடுத்த கட்டத்தில் இடம் இருந்தால் மட்டுமே வேலை நகரும். எழுதிய நிரல் சோதனைக்காகப் பத்து நாள் கிடந்தால், பிழை தெரியவரும்போது எழுதியவருக்கே அது மறந்திருக்கும், திருத்தமும் நீளும். இது புரிந்தும், கை ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்ததும் புது வேலை கொடுக்கத் துடிக்கும் பழக்கத்தை விடுவது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இந்த முறையில் நான் கற்றவற்றுள் கடினமானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று மதிப்பிட, ஒவ்வொருவரும் ஓர் எண் அட்டையைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்பும் வழக்கத்திலும் என்னை நான் மாற்றிக்கொண்டேன். ஒரு முறை ஐந்து பேர் 3 காட்டினார்கள். குழுவின் இளைய பெண் மட்டும் 13. முன்பென்றால் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டு கடந்திருப்பேன். அன்று காரணம் கேட்டேன். பழைய பதிவுகள் சிலவற்றில் தேதி நாள்-மாதம் என்றும், சிலவற்றில் மாதம்-நாள் என்றும் சேமிக்கப்பட்டிருப்பதை அவர் விளக்கினார். அதைச் சரிசெய்யாமல் அந்த வேலையைத் தொட்டிருந்தால் பயனர்களின் கணக்குகள் தாறுமாறாகியிருக்கும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கையோடு பன்னிரண்டு கோட்பாடுகளும் உண்டு. ஊக்கமுள்ளவர்களைக் கொண்டு திட்டத்தை அமைத்து, அவர்களுக்கு வேண்டிய சூழலையும் துணையையும் கொடுத்து, முடிப்பார்கள் என்று நம்ப வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்தத் துணையைக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. வேறொரு குழுவோடு பகிர்ந்துகொண்டிருந்ததால் பிற்பகலில் மட்டுமே கிடைத்துவந்த சோதனை சர்வருக்குப் பதிலாக, எங்களுக்கென்று தனியாக ஒன்று வாங்கித் தர மூன்று நாட்கள் அலைந்தேன். அந்த ஸ்பிரிண்டில் நான் ஒரு வரி நிரலும் எழுதவில்லை.

சென்ற வாரம் ஒரு நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், ஸ்பிரிண்டிலிருந்து ஓர் அட்டை பேக்லாகுக்குப் போயிருந்தது. எந்த வேலை முதலில் என்று தீர்மானிக்கும் பிராடக்ட் ஓனரிடம் பேசிவிட்டு அவர்களே எடுத்த முடிவு. அட்டையின் ஓரத்தில் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதி வைத்திருந்தார்கள்.