சூடான இடமெல்லாம் பொள்ளல் இல்லை

பழைய சுவரோவியங்களை, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் படம் எடுப்பது என் வேலை. சுவரைச் சுரண்டாமல், துளைக்காமல், பூச்சு எங்கே கல்லை விட்டிருக்கிறது, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கேமரா இருந்தால் போதும் என்றுதான் முதல் வருடம் நினைத்திருந்தேன்.

அப்போது ஒரு பழைய மண்டபத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் வேலை. கல்சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் நாயக்கர் காலத்து ஓவியங்கள். காலையில் கொஞ்ச நேரம் சாய்வெயில் நேராகச் சுவரில் விழும். பூச்சு பிரிந்த இடத்தில் பின்னால் காற்று நிற்கும். அது வெப்பத்தைக் கல்லுக்குள் இறங்கவிடாது. அதனால் வெயில் பட்டதும் அந்த இடம் மட்டும் சட்டென்று சூடேறித் திரையில் பளிச்சென்று தெரியும். ஈரமான இடம் நேர்மாறு. நீர் ஆவியாவதால் குளிர்ந்து கிடக்கும்.

அன்று ஐந்து இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஐந்தையும் 'உள்ளே பொள்ளல்', அதாவது பூச்சு பிரிந்து பின்னால் வெற்றிடம், என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரிந்த பூச்சை மறுபடி ஒட்டவைக்கச் சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் ஏற்ற மறுவாரமே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏற்ற வேண்டுமென்றால் ஓவியத்தில் துளை போட வேண்டும். சின்னத் துளைதான். ஆனால் அதில் ஒன்று ஒரு தேவியின் கூந்தலில் விழ இருந்தது.

வந்தவர்களில் மூத்த கொத்தனார் அந்த இடத்தை விரல் நுனியால் மெல்லத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். "கெட்டியாத்தானே சார் இருக்கு? எதுக்கு ஓட்டை போடச் சொல்றீங்க?" என்றார்.

கூந்தல் கறுப்பு. கறுப்பு வெயிலை அதிகம் உறிஞ்சும். பூச்சு இறுகப் பிடித்திருந்தும் அந்த இடம் சூடேறியிருந்தது. பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். திரையைப் பார்த்த வேகத்தில் சுவரைப் பார்க்க மறந்திருந்தேன். அன்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெயில் போன பிறகு மறுபடி படம் எடுத்தேன். பிரிந்த பூச்சு சூட்டைத் தேக்கி வைக்காது, சுற்றியிருக்கும் சுவரைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். வெறும் கறுப்பு வண்ணம் அப்படி ஆறாது. மாலைப் படத்தில் இரண்டு இடங்கள்தான் குளிர்ந்து தெரிந்தன. கொத்தனார் தட்டியதும் அந்த இரண்டில்தான் 'டொக்' என்றது. மற்ற மூன்றும் கூந்தலும் கறுப்புக் கரையும். அந்த மூன்று இடங்களில் விழ இருந்த துளைகளை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதிலிருந்து காலை, மாலை இரண்டு படமும் இல்லாமல், வண்ணங்களைக் குறித்த வரைபடம் இல்லாமல் அறிக்கை எழுதுவதில்லை.

கேமராவைப் பார்த்ததும் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தஞ்சாவூர்ல இதை வச்சு அடியில இருக்கிற சோழர் ஓவியத்தைப் பார்க்கலாமா?" நியாயமான ஆசை. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளை யானையில் கயிலை போகும் சுந்தரரும் திரிபுராந்தகரும் வெளிச்சத்துக்கு வந்தது அதற்கப்புறம்தான். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சேதமில்லாமல் உரித்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். எனக்கு அது பெரிய சாதனை.

ஆனால் என் கேமரா அதைச் செய்யாது. அது காண்பது சூட்டை மட்டும். ஓவிய ஆய்வில் பயன்படும் அகச்சிவப்புக் கேமரா வேறு வகை. மெல்லிய வண்ணப் படலத்தைக் கடந்து அடியிலுள்ள கரிக்கோட்டைக் காட்டும். ஆனால் நடுவில் ஒரு சுண்ணாம்புப் பூச்சு வந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். ரேடாரை வைத்தால் சுவரின் உள்ளமைப்பு தெரியும், ஓவியம் தெரியாது. ஈரச்சுவரில் அதுவும் திணறும். இதைச் சொல்லும்போது கேட்டவர் முகம் வாடிப்போகும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 'தெரியும்' என்று யாராவது சொன்னால் அடுத்து அந்தச் சுவருக்கு என்ன நடக்கும் என்ற பயம் எனக்கு உண்டு.

அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு இடங்களையும், ஏற்கெனவே இருந்த விரிசல்கள் வழியாகவே கரைசல் ஏற்றிச் சரிசெய்தார்கள். புதிதாக ஒரு துளைகூட இல்லை. தரையில் சாக்பீஸ் குறி போட்ட அதே இடத்தில் முக்காலியை வைத்து வருடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறேன். போன தை மாதம் எடுத்ததில் கூந்தல் காலையில் பளிச்சென்று இருந்தது, மாலையில் சுவரோடு சுவராகக் கலந்திருந்தது.