கிராஃப் யார் போடுவது?

டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ள என் மாணவன் ஒருவனுக்காகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைக்கு எழுதியபோது கூடுதல் ஒரு மணி நேரமும் மொழிப்பாட விலக்கும் கேட்டோம். சொல்வதை எழுதுபவர், அதாவது ஸ்கிரைப், மட்டும் வேண்டாம் என்றோம். அந்த முடிவு அவனுடையதா, என்னுடையதா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவன் பெயர் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தது. கூட்டுத்தொடர் கணக்கை நான் போர்டில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். தாளில் அதே 69, 96 ஆகிவிடும். விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கு அவன் மக்கு. வாயால் கேட்டவர்களுக்குச் சோம்பேறி. மூளை குறையை மறைத்தது, குறை மூளையை மறைத்தது, மார்க் ஐம்பதிலேயே நின்றது. 35 தாண்டுகிறவனுக்கு டிஸ்லெக்சியா சான்று எதற்கு என்றார்கள் ஸ்டாஃப் ரூமில். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது, ஃபெயிலாகிறவர்களுக்கு மட்டும் என்று அதில் போடவில்லை என்று நான்தான் சண்டைக்குப் போனேன்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் கேட்டான்: "ஸ்கிரைப் வந்தா கிராஃப் யாரு மிஸ் போடுவாங்க?"

"நீ சொல்லச் சொல்ல அவங்க."

"அப்ப வேணாம் மிஸ்."

கிராஃபும் செய்முறை வடிவியலும் சேர்ந்து 16 மார்க். அவன் காம்பஸ் வைத்த இடத்தில் தாள் கிழிந்து நான் பார்த்ததில்லை. எழுத்தில் தடுமாறுகிற கை அங்கே தடுமாறாது. அதையும் இன்னொருவரிடம் கொடு என்று எந்த வாயால் சொல்வது? மிச்சம் 84 இருக்கிறதேடா என்று சொல்லியிருக்கலாம். சொன்ன ஞாபகம். அழுத்திச் சொன்னேனா, தெரியவில்லை. படியே எழுதாமல் விடைக்குத் தாவுகிறவன் எழுத வருகிற முன்பின் தெரியாத ஆசிரியரிடம் ஒவ்வொரு படியாகச் சொல்வானா என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் மறுப்பு எனக்கு வசதியாகிவிட்டதோ?

கணக்கில் 71 வந்தது. "பையன் ரோஷத்துல வேணாம்னான், நீங்களும் தலையாட்டிட்டீங்க" என்றார் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர். இருக்கலாம். ஆனால் பதினைந்து வயதுப் பையனின் ரோஷத்தை மார்க்குக்காக உடைக்கிற உரிமை எனக்கு யார் கொடுத்தது? அவன் கேட்ட குரூப் கிடைத்துவிட்டது. அதை வைத்து என் பக்கம் நியாயம் என்று பேசவும் கூச்சமாக இருக்கிறது. ஸ்கிரைப் இருந்திருந்தால் 90 தாண்டியிருப்பான் என்று கணக்குப் போடும்போதெல்லாம், அந்த 90-ஐ அவன் தன்னுடையது என்று சொல்லியிருப்பானா என்றும் தோன்றுகிறது.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு பிள்ளை. சான்றுக்காக அவள் அம்மாவோடு அலைந்துகொண்டிருக்கிறேன். எழுதுபவரையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவளைக் கேட்காமலே.