ஜிம்னிக்குப் பெரிய டயர்: பத்து மாதக் குறிப்பு

தை பிறந்து ஒரு கிழமைதான் இருக்கும். வெருகலில் நண்பரின் வயலுக்கு என் சுசுகி ஜிம்னி ஜீப்பில் போயிருந்தேன். மாரி மழை ஓய்ந்துவிட்டது என்று நாங்கள்தான் நினைத்தோம், பாதை அப்படி நினைக்கவில்லை. வாய்க்காலோரம் உழவு மெசின்கள் ஏறி இறங்கிக் கிண்டிய இடத்தில் நான்கு சில்லையும் எஞ்சினோடு இணைக்கும் ஃபோர் வீல் பொத்தானை அழுத்திவிட்டு இறக்கினேன். டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. முப்பது அடி போயிருக்க மாட்டேன், வண்டி வயிற்றைச் சேற்றில் வைத்துப் படுத்துக்கொண்டது.

இழுத்துவிட வந்தவர் மூதூர்க்காரர், உழவு மெசினோடு வந்தார். கயிறு கட்டுவதற்கு முன் என்னை ஒருமுறை அக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, முன் சில்லு ரெண்டும் சுத்துதில்லையே."

"சேறு கூடிப்போச்சு காக்கா, அதுதான்" என்றேன். இங்கே காக்கா என்றால் அண்ணன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, இழுத்துவிட்டார். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

திருகோணமலைக்குத் திரும்பி வரும்போது, மூதூர் தாண்டிக் கிண்ணியாப் பாலம் ஏறுவதற்குள் முடிவே எடுத்துவிட்டேன்: டயர்தான் பிழை. பூட்டியிருந்தது தார் ரோட்டுக்கான ஹைவே டயர். அதன் பள்ளங்களில் சேறு அப்பி, நான்கும் மெழுகின உருளை மாதிரி இருந்தன. பார்த்தவன் எவனும் அதையே சொல்லியிருப்பான்.

வண்டி 2008 ஜிம்னி, ஜேபி43. 1328 சிசி பெற்றோல் எஞ்சின், 85 குதிரைவலு. ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, கொயில் ஸ்பிரிங். கம்பனி டயர் அளவு 205/70 ஆர்15. அக்காவின் மகன் ஒருவன் இருக்கிறான், கைபேசியில் நாள் முழுக்க இப்படிப்பட்ட வண்டிகளின் படம்தான் பார்ப்பான். "மாமா, 235 போடுங்கோ, வண்டி ஆள் மாதிரி நிக்கும்" என்றான். எனக்கும் ஆசைதான்.

ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு லேசு: முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம். பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி ரிம்மைக் கூட்டினால் டயரின் முழு உயரம். 205/70 ஆர்15 என்றால் 287 மில்லிமீற்றரும் 381 மில்லிமீற்றரும் சேர்ந்து 668. 215/75 ஆர்15 என்றால் 703 சொச்சம். 235/75 ஆர்15 என்றால் 733 சொச்சம். அதாவது நடு அளவு 5 வீதத்துக்குச் சற்று மேல் பெரிது, பெரிய அளவு கிட்டத்தட்ட 10 வீதம்.

அந்த 10 வீதம் கடதாசியில் சின்ன எண். ஆனால் வண்டியின் எல்லா கியரும் ஒரேயடியாக 10 வீதம் நீண்டுவிடும். இந்த எஞ்சினின் முழு இழுவை 110 நியூட்டன் மீற்றர், அதுவும் 4100 சுற்றில்தான் வரும். பாவம், கத்திக் கத்தி ஓடுகிற எஞ்சின். இதற்கு 235 பூட்டினால் முன் பின் அச்சுகளுக்குப் பலத்தைப் பகிரும் டிரான்ஸ்பர் பெட்டியின் கியர்களையும் மாற்ற வேண்டும். போதாததற்கு 235/75க்கு ஆகக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் வேண்டும், என்னிடம் இருப்பது ஐந்தரை. ஆக ரிம்மும் புதிது.

இருந்தும் மனம் கேட்கவில்லை. உப்புவெளியில் தெரிந்தவரிடம் தேய்ந்த 235 ஒன்றைக் கடன் வாங்கி, நிறுத்தி வைத்துப் பார்க்க மட்டும் என்று என் ரிம்மிலேயே ஏற்றி முன்பக்கம் பூட்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். பம்பரின் பின் மூலையில் ஒரு முட்டல், உள்பக்கம் அச்சைப் பிடிக்கும் கையில் ஒரு உரசல். பின் கதவில் மாட்டிப் பார்த்தேன், பம்பரில் இடித்தது. மருமகன் "வெட்டலாம் மாமா" என்றான். அவனுடைய பம்பர் இல்லையே.

சரி, 215/75. அடுத்த கேள்வி பள்ளத்தின் கோலம். சேற்றுக்கான மட் டெரெயின் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் என் ஓட்டத்தில் பத்துக்கு எட்டு நாள் தார் ரோடு. ஹபரணை ரோட்டில் மழைக்குள் பிரேக் பிடிக்கும்போது கட்டை கட்டையாக இருக்கும் ரப்பரை நம்ப நான் தயாரில்லை, இரைச்சல் வேறு. எல்லாத் தரைக்கும் பொதுவான ஓல் டெரெயின் எடுத்தேன். கடையில் பக்கச்சுவரில் இரண்டு விடயம் பார்த்தேன். ஒன்று சுமை எண்: 100 என்று இருந்தது, ஒரு டயருக்கு 800 கிலோ. வண்டியே ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து 1420 கிலோவுக்கு மேல் போகக்கூடாத வண்டி, ஆகவே தாராளம். மற்றது நான்கு இலக்கத் திகதி: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. கடைக்காரர் முதலில் உருட்டிக்கொண்டு வந்த ஐந்தில் இரண்டு ஆறு வருடம் பழசு. "பாவிக்காத டயர்தானே அண்ணா" என்றார். பாவிக்காவிட்டாலும் ரப்பருக்கு வயது போகும். மாற்றித் தந்தார், முகம் மட்டும் மாறிவிட்டது.

ஐந்து ஏன் என்று வீட்டில் கேள்வி வந்தது. இந்த வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாக இணைந்துவிடும், நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. நான்கு பெரிய டயரும் ஸ்பெயரில் ஒரு சின்ன டயரும் வைத்திருந்து, பஞ்சர் ஆகி அந்தச் சின்னதைப் பூட்டி ஃபோர் வீலில் ஓடினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும். இதை மனைவிக்கு விளக்கினேன். அவளுக்கு விளங்கியது. மொத்தக் காசை மட்டும் நான் விளக்கவில்லை.

மாசியில் பூட்டினேன். மீன் நிறுக்கும் தொங்கு தராசு வீட்டில் இருக்கிறது, அதில் மாட்டிப் பார்த்தேன்: பழைய சில்லு 18 கிலோ, புதியது 21. ஒரு சில்லுக்கு மூன்று கிலோ. பிரேக் பிடிக்கும்போது அது காலில் தெரிகிறது. அச்சின் நடுவே இருந்து இரண்டு சில்லுக்கும் பலத்தைப் பிரிக்கும் டிஃப்பின் அடிவயிறு உயர்ந்தது 18 மில்லிமீற்றர், அவ்வளவுதான். என் சுண்டுவிரல் அகலத்தை விடக் கொஞ்சம் கூட. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடம்புதான் மேலே போகும், டிஃப் அச்சோடு கீழேயே கிடக்கும். அதை உயர்த்துவது டயர்தான்.

வேகமானி 60 காட்டும்போது முன்னைவிட 3 கிலோமீற்றர் கூடுதலாக ஓடுகிறோம். பெற்றோல் கணக்கிலும் இதில் ஒரு பொறி உண்டு. முன்பு லீற்றருக்கு 10.6 கிலோமீற்றர், டயர் மாற்றியபின் 9.4 என்று வந்தது. இரண்டு நாள் வயிறு எரிந்தது. பிறகுதான் உறைத்தது, மீற்றரே இப்போது தூரத்தைக் குறைத்துக் காட்டுகிறது. 5.3 வீதம் கூட்டினால் 9.9. இது பரவாயில்லை.

பங்குனியில் மணல். நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பக்கம், வள்ளம் ஏற்றும் வண்டிகள் போய்வரும் தடம். கடற்கரை மணலுக்குள் நான் இறங்குவதில்லை, ஆமை முட்டை போடும் இடத்தில் சில்லுக்கு என்ன வேலை. தடத்திலேயே போதுமான அளவு பொருபொருத்த மணல் இருக்கிறது. 26 பி.எஸ்.ஐ காற்றோடு இறங்கினேன், புது டயர் மணலை வாரி வாரிக் குழி தோண்டியது. பள்ளம் கூடின டயர் மணலில் மண்வெட்டி மாதிரி. நிறுத்தி, நான்கிலும் 15க்கு இறக்கினேன். டயர் பாதம் போலப் படிந்து நீண்டது. அதே இடத்தில், அதே கியரில், தோணி போவது போலப் போனது. மணலுக்குப் பெரிய டயரை விட 15 பி.எஸ்.ஐ முக்கியம், அது இலவசம். வளைவில் மட்டும் வெடுக்கென்று ஒடிக்கக்கூடாது, ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். ரோட்டுக்கு ஏறும் இடத்தில் காற்று நிரப்பச் சின்னக் கம்பிரசர் ஒன்று வாங்கினேன். இத்தனை சாமானில் நான் வருத்தப்படாமல் காசு கொடுத்தது அதற்கு மட்டும்தான்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சித்திரையில் வீம்பு வந்தது. பின் ஸ்பிரிங் இரண்டும் கடல் காற்றில் துருப்பிடித்து அமர்ந்துபோயிருந்தன, மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதை இரண்டு அங்குலம் உயரமாகவே மாற்றுவோமே என்று கொழும்பிலிருந்து ஒரு செட் எடுப்பித்தேன். 215க்கு அது தேவையே இல்லை. தெரிந்தே செய்தேன். பூட்டுவதில் பாதி நேரம் துருவோடு சண்டை. முன் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பனார்ட் ரொட்டின் போல்ட், துளைக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷோடு ஒட்டிப்போய், கடைசியில் கிரைண்டரால் அறுத்தோம். பிரேக் குழாய்கள் அச்சு முழுக்கத் தொங்கும்போது இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டோம். ஹெட்லைட்டும் உயர்ந்துவிட்டதை மட்டும் மறந்துபோனேன். கந்தளாய் ரோட்டில் எதிரே வந்த ஒவ்வொருவரும் லைட் அடித்து ஞாபகப்படுத்தினார்கள்.

பிறகு வந்ததுதான் நடுக்கம். 70 தொட்டதும், ரோட்டில் ஒரு சின்ன ஒட்டு ஏறினால் போதும், ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்குவது போல உதறும். வேகம் 40க்கு இறங்கும்வரை நிற்காது. முழு அச்சு வண்டிக்காரர்களுக்கு இது தெரிந்த பேய். முதல் கராஜில் பெலன்சிங் செய்தார்கள், இரண்டு நாள் அடங்கி மறுபடி வந்தது. இரண்டாவது கராஜில் உதறலை அமுக்கும் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். நடுக்கம் குறைந்தது, காரணம் அப்படியே இருந்தது.

காரணம் பிறகு நானே படுத்து உருண்டு பார்த்ததில் மூன்றாகப் பிரிந்தது. முதலாவது, நான் தூக்கிய அந்த இரண்டு அங்குலம். அச்சு இரண்டு நீளக் கைகளில் தொங்குவதால், உடம்பு உயர உயர அச்சு தன் மேலேயே உருண்டு திரும்பும். சைக்கிள் கையை விட்டாலும் நேராக ஓட முன் கவையின் சாய்வும் உதவுகிறது. அந்தச் சாய்வு இங்கே குறைந்துவிட்டது. துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருக்கும் புஷ் விற்கிறார்கள், அதைப் போட்டுச் சாய்வை மீட்டேன். இரண்டாவது, பனார்ட் ரொட். தூக்குக் குண்டு கட்டிப் பார்த்தேன், அச்சு 7 மில்லிமீற்றர் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய ரொட் போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தேன், புது புஷ்ஷோடு.

மூன்றாவது, முன் சில்லு இடம் வலம் திரும்பும் முளையைத் தாங்கும் கிங்பின் பெயரிங். இதை அளக்க மீன் தராசு மறுபடி வேலைக்கு வந்தது. சில்லைக் கழற்றி, ஸ்டியரிங் கம்பியைப் பிரித்து, சீல் வளையத்தையும் எடுத்துவிட்டு, அந்தக் கம்பி பூட்டும் துளையில் தராசை மாட்டி இழுக்க வேண்டும். அசையத் தொடங்கும் கணத்தில் தராசு எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் இறுக்கத்தின் அளவு. வலப்பக்கம் ஏதோ காட்டியது. இடப்பக்கம் முள் அசையவே இல்லை, விரலால் தள்ளினாலே ஊஞ்சல் போல ஆடியது. பெயரிங்குகள் நான்கையும் மாற்றி, மேலே இருக்கும் மெல்லிய தகடுகளை எடுத்தும் வைத்தும் இரண்டு பக்கமும் சமமாக இறுகப் பண்ண ஒரு ஞாயிறு முழுதும் போனது. அதன்பின் நடுக்கம் வரவில்லை. 80 வரை பார்த்துவிட்டேன். அதற்குமேல் அந்த எஞ்சினைக் கேட்பதும் நியாயமில்லை.

அந்த ஞாயிறு இன்னொன்றையும் காட்டியது. இடது சில்லுக்குப் பின்னால், சில்லின் நடுப்பகுதியான ஹப்புக்குப் போகும் ஒரு சின்ன ரப்பர் குழாய். இந்த வண்டியில் பொத்தானை அழுத்தினால் எஞ்சினின் உறிஞ்சல் இந்தக் குழாய் வழியே காற்றை இழுத்துத்தான் முன் சில்லின் ஹப்பை அச்சுத் தண்டோடு பூட்டும். குழாய் வெயிலில் கிடந்த முருங்கைக்காய் போல நெடுகிலும் வெடித்திருந்தது. பெயரிங் வேலை முடிந்து எல்லாவற்றையும் பூட்டியபின் முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி, கையால் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். வலது சில்லோடு உள்ளே இருக்கும் தண்டும் சுற்றியது. இடது சில்லு மட்டும் தனியே, கவலையே இல்லாமல் சுற்றியது.

ஒரு பக்கம் பூட்டாவிட்டால் அந்தப் பக்கத்துத் தண்டு சும்மா சுழலும், டிஃப் தன் பலத்தையெல்லாம் அதற்கே கொடுத்துவிடும், மற்றப் பக்கத்துக்கும் ஒன்றும் போகாது. விளக்கு எரியும், முன் சில்லு இரண்டும் நிற்கும். முன் சில்லு ரெண்டும் சுத்துதில்லையே.

ஜாக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மருமகன் "என்ன மாமா" என்றான். ஒன்றுமில்லை என்றேன். குழாய் மீற்றர் கணக்கில் விற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் வாங்கியது ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசு.

ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியது. வெருகலுக்குப் போனேன், அதே வாய்க்காலோரம். 18 பி.எஸ்.ஐ, ஃபோர் வீல் லோ என்ற மெதுவான, இழுவை கூடிய நிலை, இரண்டாவது கியர். வண்டி தயங்கியது, முன் சில்லுகள் சேற்றைக் கண்ணாடியில் வாரி அடித்தன, ஏறி வந்துவிட்டது. காக்கா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து டயரைப் பார்க்கவில்லை, நேரே முன் சில்லைக் காலால் தட்டினார்.

"இப்ப சுத்துது" என்றார்.

பழைய டயர்கள் நான்கும் கொட்டிலில் தென்னோலைக்குக் கீழே கிடக்கின்றன. வாங்க ஆள் கேட்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை. மழை நிற்பதற்குள் அவற்றைப் பூட்டிக்கொண்டு ஒருமுறை அதே இடத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஏறி வந்துவிட்டால் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் யோசனை.