ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா என்று கேட்கும் முன்

கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "லேப்ராஸ்கோப்பி நல்லதா, ரோபோ நல்லதா சிஸ்டர்?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமராவில் பார்த்துச் செய்வது லேப்ராஸ்கோப்பி; அதையே ரோபோக் கைகளால் செய்வது இன்னொன்று. நான் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ். "கீழ் வழியாகவே எடுக்க முடியாதா என்று டாக்டரிடம் கேட்டீர்களா?" என்பேன். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புற்றுநோய் இல்லாத பிரச்சினைக்கு, முடிகிறவர்களுக்கெல்லாம் பிறப்புறுப்பு வழிதான் முதல் தேர்வு என்று அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் அமைப்பே 2017-ல் சொல்லியிருக்கிறது. வயிற்றில் ஒரு தையல்கூடக் கிடையாது, வயிற்றை உப்ப வைக்க வாயுவும் ஏற்ற வேண்டாம். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கும் பல சமயம் செய்ய முடிகிறது. கர்ப்பப்பை வாயைப் பிடித்து மெல்ல இழுத்தபடி, இருபக்கமும் கிளாம்ப் போட்டு, வெட்டி, கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவார்கள். என் கை கத்தரிக்கும் நூலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கேமராத் திரை இல்லாததால், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வரும் இளம் டாக்டர்களுக்கு உள்ளே நடப்பது சரியாகத் தெரியாது. இந்தக் கை வேலை குறைந்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அது பெரிய வருத்தம்.

எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), உள்ளே ஒட்டிக்கிடக்கும் குடல், சினைப்பைக் கட்டி என்றால் லேப்ராஸ்கோப்பிதான் சரி. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம். 1988-ல் அமெரிக்க டாக்டர் ஹாரி ரீச் முதன்முதலில் இப்படிக் கர்ப்பப்பையை எடுத்தார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: ஓட்டை வயிற்றில் இருக்கும், மறுநாள் வலி தோளில் வரலாம். உள்ளே ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. தானாகப் போய்விடும். இதயமோ என்று பதறிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதன் கைகளை இயக்குகிறார். அந்தக் கருவி மணிக்கட்டு மாதிரி வளையும், காட்சி முப்பரிமாணத்தில் தெரியும். சிக்கலான தையலுக்கு அருமை, டாக்டரின் முதுகுக்கும் நிம்மதி. ஆனால் சாதாரணக் கர்ப்பப்பை ஆபரேஷனில், லேப்ராஸ்கோப்பியைவிட நோயாளிக்கு அதிக நன்மை என்று இதுவரை உறுதியாக நிரூபணமாகவில்லை. அந்த டாக்டர் எந்த முறையை அடிக்கடி செய்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் வரும், பொதுவாகப் புற்றல்லாத தசைக் கட்டி) பெரிதாக இருந்தால் அதை எப்படி வெளியே எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். சின்ன ஓட்டை வழியாக எடுக்க, மார்செலேட்டர் என்ற கருவியால் உள்ளேயே துண்டாக்குவது உண்டு. கட்டிக்குள் அபூர்வமாகப் புற்று ஒளிந்திருந்தால் துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறிப் பரவிவிடலாம் என்று 2014-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. துண்டாக்குவதானால் அதற்கென்ற பைக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று பின்னால் சொன்னது. அந்தப் பையைப் பயன்படுத்துவார்களா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.