கிரெப்ஸ் சுழற்சிக்கு மாதத் தவணை 5,175 ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு மன்னார்குடியிலிருந்து அண்ணன் பேசினார். மகள் பயோகெமிஸ்ட்ரிதான் (உயிர்வேதியியல்) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம். மூன்று ஆண்டுக்கு 6 லட்சம். வங்கியில் பத்தரை சதவீத வட்டிக்குக் கடன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"நீயும் அதைத்தானே படித்தாய், எடுக்கலாமா சொல்லம்மா" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அலமாரியில் கிடந்த என் பழைய கடன் பாஸ்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அட்டை பிய்ந்துபோயிருந்தது. தூக்கிப் போட ஏனோ மனம் வரவில்லை.

பி.எஸ்சி.யை அரசு உதவிபெறும் கல்லூரியில் சில ஆயிரங்களில் முடித்துவிட்டேன். எம்.எஸ்சி.தான் சுயநிதிப் பிரிவு. 2011இல் 1,10,000 கடன், மறு ஆண்டு இன்னொரு 1,10,000, வட்டி பன்னிரண்டரை சதவீதம். 4 லட்சத்துக்குள் என்பதால் சொத்து அடமானம் கேட்கவில்லை. அப்பா உடன் கையெழுத்துப் போட்டார். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். அதைச் சலுகை என்று நினைத்தேன். தவணைதான் தூங்கியது, வட்டி தூங்கவில்லை. 2014 ஜூலையில் பார்த்தால் 68,750 ரூபாய் வட்டி ஏறி, 2,88,750 ஆகியிருந்தது. ஐந்தாண்டில் கட்டுவதென்றால் மாதம் ஆறரை ஆயிரம். கெஞ்சி ஏழாண்டாக்கிக்கொண்டேன்: 5,175.

அப்போது ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் என் சம்பளம் 9,500. திருச்சியில் விடுதி வாடகையும் சாப்பாடும் 3,800. மீதி 525 ரூபாயில்தான் பஸ், சோப்பு, செல்போன், ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு வாங்கிப்போகும் பழம் எல்லாம்.

கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரியில் 80இ பிரிவின்படி கழிவு உண்டு என்று அந்த நாளில் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கினால்தானே!

அந்த வேலை கிடைத்த கதையையும் அண்ணன் மகளுக்குச் சொல்ல வேண்டும். செல்லுக்குள் குளுக்கோஸ் உடையும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும், அதை அடுத்து வரும் கிரெப்ஸ் சுழற்சியையும் என்சைம் பெயரோடு தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். நேர்முகத் தேர்வில் லேப் உரிமையாளர் கேட்டது ஒரே கேள்வி: "ரத்தம் எடுக்கத் தெரியுமா?" தெரியாது. ஐந்து ஆண்டுப் படிப்பில் யாரும் என் கையில் ஊசியைக் கொடுத்ததில்லை. பிளஸ் டூ முடித்து டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ லேப் டிப்ளமோ படித்துவிட்டு வந்த பெண் ஒருத்திதான் எனக்கு நரம்பு பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். சம்பளம் என்னைவிட ஆயிரம் ரூபாய் கூடுதல். நியாயம்தான். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு வேண்டியது அவளுடைய கை.

படிப்பு வீண் என்று சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.1 என்று மெஷின் காட்டியது. சிறுநீரகம் போய்விட்டது என்று வீட்டார் கலங்கி நின்றார்கள். சிறுநீரில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது வருவது) அள்ளிக் கொட்டியிருந்ததைப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது நிறத்தை வைத்து அளக்கும் ஜாஃபே முறை; அதில் உள்ள பிக்ரேட் என்ற வேதிப்பொருள், கிரியேட்டினினோடு மட்டுமல்ல, அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனோடும் சேர்ந்து நிறம் காட்டிவிடும். டாக்டரிடம் சொல்லி, என்சைம் முறையில் வெளியே அனுப்பிப் பார்த்தோம். 1.2. வீட்டார் பயந்த அளவுக்கு இல்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. மாதக் கடைசியில் அதே சம்பளம்தான் வந்தது.

எங்கள் வகுப்பில் எல்லோரும் என்னைப்போல் இல்லை. ஒருத்தி சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) வாங்கினாள். அப்போது மாத உதவித்தொகை 16,000. 2014 அக்டோபரில் 25,000 ஆனது. 2023 ஜனவரியிலிருந்து 37,000. அவளுக்குக் கடன் சுமையே தெரியவில்லை. ஆனால் அந்தத் தேர்வை நான் மூன்று முறை எழுதினேன். எல்லோருக்கும் கிடைக்கும் என்று வைத்து யாரும் கடன் கணக்குப் போட முடியாது. இரண்டு பேர் சென்னைக்குப் போய் மெடிக்கல் கோடிங்கில் சேர்ந்தார்கள். அமெரிக்க நோயாளிகளின் குறிப்பைப் படித்து எண் போடும் வேலை. இன்று என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். அந்த வேலைக்குப் பி.எஸ்சி.யே போதும் என்று தெரிந்திருந்தால் என் 2,20,000 மிச்சம். ஏழாண்டில் நான் கட்டி முடித்தது மொத்தம் 4,34,700.

மறுநாள் அண்ணனிடம் கணக்கைச் சொன்னேன். 6 லட்சம் வாங்கினால், தவணை தொடங்கும் நாளில் அது 7,89,000 ஆகியிருக்கும். பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் 10,600க்கு மேல். எங்கள் லேபில் இந்த ஆண்டு சேர்ந்த பி.எஸ்சி. பெண்ணுக்குச் சம்பளம் 14,000. பதினைந்தாண்டாக நீட்டினாலும் தவணை 8,700. மொத்தத்தில் கட்டுவது ஏறக்குறைய 15 லட்சத்து 70 ஆயிரம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் படிக்கவே வேண்டாம் என்கிறாயா?" என்றார். அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

படிக்கட்டும். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பயோகெமிஸ்ட்ரி உள்ள அரசுக் கல்லூரிக்கோ, நான் படித்ததைப் போன்ற உதவிபெறும் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கட்டும். பஸ்ஸில் போய்வர முடிந்தால் விடுதிச் செலவும் இல்லை. கடன் வாங்குவதானால் எம்.எஸ்சி.க்கு வாங்கலாம், அதற்குள் ஜே.ஆர்.எஃப். எழுதும் தெம்பு இருக்கிறதா, லேப் வேலை பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். என் சொந்த அளவுகோல் ஒன்று உண்டு: முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டிக் கடன் போகக் கூடாது. இன்றைய பி.எஸ்சி.க்கு அது 1,68,000. அப்படியும் கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், படிக்கும்போதே மாதா மாதம் வட்டியையாவது கட்டிவிட வேண்டும். முதல் ஆண்டு 2 லட்சத்துக்கு மாதம் 1,750 தான். அன்று அப்பாவிடம் கேட்டிருந்தால் எப்படியாவது கட்டியிருப்பார். யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகள் போனை வாங்கினாள். "அத்தை, அந்த 3.1 எப்படி 1.2 ஆச்சு, மறுபடியும் சொல்லுங்கள்" என்றாள். இருபது நிமிடம் சொன்னேன்.

அரசுக் கல்லூரி விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அண்ணனுக்கு இப்போது வேறு கவலை. தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்க எனக்குச் சொல்லாமலே முன்பணமாக 10,000 கட்டியிருக்கிறார். இரண்டு நாளாகப் பேச்சு அதைப் பற்றித்தான்.