சாஃப்ட் கேட் புராஜெக்ட் எடுக்கற ஜூனியர்ஸுக்கு: கூட்டுத்தொகையைப் பாருங்க

ரிசல்ட் நேத்து சாயங்காலம் வந்துச்சு, ஃபேஸ் டூ-ல ஏ பிளஸ். அதுக்கும் மேல இருக்கற ஓ கிரேடு வரும்னு வீட்ல வரைக்கும் சொல்லி வச்சிருந்தேன், வரல, ஏன் வரலன்னு எனக்கே தெரியும், அதுக்குத்தான் இது. எம்இ விஎல்எஸ்ஐ-ல (சிப் டிசைன்) புராஜெக்ட் டைட்டில் தேடிட்டிருக்கறவங்க யாராவது "புராபபிலிட்டிய கரண்டாவே கணக்குப் போடற அனலாக் சர்க்யூட்"னு யோசிச்சுட்டிருந்தா படிங்க. 0, 1-னு அடிச்சுச் சொல்லாம, எவ்ளோ சான்ஸ்னு கணக்குப் போடற கேட்டுதான் சாஃப்ட் கேட். ரிவ்யூ எத்தன, ரிப்போர்ட் ஃபார்மட் என்னன்னு எல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுர்றேன்.

எங்க பேட்ச்ல முக்காவாசி பேரு எஃப்பிஜிஏ-ல, அதாவது புரோகிராம் எழுதி வேணுங்கற மாதிரி மாத்திக்கற சிப்ல, நியூரல் நெட்வொர்க். எனக்கு புரோகிராம் எழுதவே புடிக்காது, பத்து பன்னெண்டு டிரான்சிஸ்டர்ல ஒரு வேலை முடியணும், அவ்ளோதான் ஆசை. தேடுனப்போ 1998-ல ஜெர்மனில ஹேகனவர் குரூப்பும் சுவிட்சர்லாந்துல லோலிகர் குரூப்பும் அனலாக் டீகோடர்னு (நாய்ஸ்ல கெட்டுப்போன பிட்ட கரண்ட வச்சே சரிபண்ற சர்க்யூட்) ஆரம்பிச்சது கண்ணுல பட்டுச்சு, அப்புறம் எம்ஐடி-ல விகோடா இதயே பிஎச்டியா பண்ணி 2003-ல முடிச்சது, லிரிக் செமிகண்டக்டர்னு கம்பெனி போட்டது, 2011-ல அத அனலாக் டிவைசஸ் வாங்குனது. இந்த ஹிஸ்டரிய லிட்ரேச்சர் சர்வேல ஒரு பேஜுக்கு மேல இழுக்காதீங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

விஷயம் இதுதான். ஒரு பிட்டுக்கு ரெண்டு வயர். மொத்தம் 100 நானோஆம்ப்னு வச்சுக்கிட்டா, 1-ங்கற வயர்ல 90, 0-ங்கற வயர்ல 10 ஓடுச்சுன்னா "இது 1-ஆ இருக்க 0.9 சான்ஸ்"னு அர்த்தம். சப்த்ரெஷோல்ட்ல, அதாவது டிரான்சிஸ்டர் முழுசா ஆன் ஆகாத நெலைல, வோல்டேஜுக்கு கரண்ட் எக்ஸ்பொனென்ஷியலா போறதால கில்பர்ட் மல்டிப்ளையர் மாதிரி அடுக்குனா பெருக்கல் சும்மாவே கெடச்சிரும், கூட்டணும்னா ரெண்டு வயர முடிச்சு போட்டா போதும்.

0.9-உம் 0.8-உம் உள்ள வருதுன்னு வைங்க. சாஃப்ட் எக்ஸார்ல (ரெண்டு இன்புட்டும் வேற வேறயா இருந்தா 1) 1 வர்றதுக்கு 0.9 × 0.2 + 0.1 × 0.8, அதாவது 0.26. வெளிய 26 நானோஆம்ப், 74 நானோஆம்ப். மொத்தம் 100 அப்படியே இருக்கு, பிரச்னை இல்ல. ஒரே பிட்டப் பத்தி ரெண்டு இன்புட் சொல்றத சேக்கற சாஃப்ட் ஈக்வல்ல அப்படி இல்ல. அங்க ரெண்டுமே 1-ங்கறதுக்கு 72, ரெண்டுமே 0-ங்கறதுக்கு 2, மீதி 26 ஒத்துப்போகாத பங்கு, அது சப்ளைக்கே போயிரும். விகிதம் சரிதான், 72-ஐ 74-ஆல வகுத்தா 0.973. ஆனா மொத்தம் 74 ஆயிருச்சு பாருங்க.

நான் பாக்கல.

(7,4) ஹாமிங் டீகோடர் (4 பிட் டேட்டாவோட 3 செக் பிட் சேத்து 7 பிட்டா வர்றதுல தப்பத் திருத்தறது) முழுசா கட்டி செகண்ட் ரிவ்யூக்கு நாலு நாள் முன்னாடி ரன் விட்டேன். ஏழு பிட்டும், ரெண்டு ரெண்டு கோடா, கொஞ்ச நேரம் பிரிஞ்சு இருந்துட்டு மெதுவா எறங்கி ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக்குச்சு. ஜூம் பண்ணி பாத்தா பிகோஆம்ப். கைடு ஸ்க்ரீனப் பாத்துட்டு "என்னப்பா, காசு சுண்டிப் போடற சர்க்யூட்டா கட்டிருக்க?"ன்னு கேட்டாரு. லேப்ல எல்லாரும் சிரிச்சாங்க. மாடல் ஃபைல் தப்பு, சிமுலேட்டர் செட்டிங் தப்புன்னு ரெண்டு மாசம் அலைஞ்சேன், ரிவ்யூல பாதி மார்க் போச்சு. கடைசில பாத்தா ஒவ்வொரு ஈக்வல் கேட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் ஒழுகுது, டீகோடரோ சுத்தி சுத்தி ஓடற லூப், ஒவ்வொரு சுத்துக்கும் தேஞ்சு தேஞ்சு, டிரான்சிஸ்டர் ஆஃப்ல இருக்கறப்பவும் கசியற லீக்கேஜ் அளவுக்கு வந்துருச்சு. அந்த லெவல்ல எல்லாமே பாதிக்குப் பாதிதான்.

மருந்து சின்னது. வர்ற ரெண்டு கரண்டையும் ரெண்டு டயோடு கனெக்டட் டிரான்சிஸ்டர்ல விட்டு, அந்த வோல்டேஜ 100 நானோஆம்ப் டெயில் கரண்ட் (ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கற மொத்தம்) வச்ச டிஃபரென்ஷியல் பேருக்கு குடுத்தா அதே விகிதத்துல திரும்ப 100 கெடச்சிரும், இதுக்குப் பேரு நார்மலைசர். அஞ்சு டிரான்சிஸ்டர், கரண்ட காப்பி எடுக்கற மிரர் தனி. அஞ்சு டிரான்சிஸ்டருக்கு ரெண்டு மாசம்.

அதனால:

- ஒவ்வொரு கேட் அவுட்புட்டுலயும் ரெண்டு கரண்ட மட்டும் பிளாட் பண்ணாதீங்க, கூட்டுத்தொகையும் மூணாவது கோடா போடுங்க. இத மட்டும் செஞ்சா மத்தத மறந்தாலும் பரவால்ல.
- வோல்டேஜ் பாத்து டீபக் பண்ணாதீங்க. 9-க்கு 1-ங்கற விகிதமே ஸ்லோப் ஃபேக்டர் (சப்த்ரெஷோல்ட் சரிவச் சொல்ற நம்பர்) 1.4-னு வச்சா 80 மில்லிவோல்ட்தான், கண்ணுக்கு ஒண்ணுந் தெரியாது.
- அந்த 80-லயே 5 மில்லிவோல்ட் மிஸ்மேட்ச் (ஒரே மாதிரி போட்ட ரெண்டு டிரான்சிஸ்டருக்கு நடுவுல வர்ற வித்தியாசம்) வந்தா விகிதம் கிட்டத்தட்ட 15 சதவீதம் ஆடும். மினிமம் சைஸ் டிரான்சிஸ்டர் போட்டுட்டு மான்டே கார்லோ (அந்த வித்தியாசத்த ராண்டமா மாத்தி மாத்தி சிமுலேட் பண்றது) ஓட்டி அழாதீங்க. மிஸ்மேட்ச் பாதியாகணும்னா ஏரியா நாலு மடங்கு.
- டூல் லைசென்ஸ் கெடைக்கலன்னா ஸ்கைவாட்டர்ங்கற சிப் கம்பெனியோட 130 நானோமீட்டர் மாடல் ஓப்பனாவே இருக்கு, ஃப்ரீ சிமுலேட்டர் என்ஜிஸ்பைஸ் போதும்.
- பைத்தான்ல மொதல்ல மாடல் பண்ணுன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அது ஒத்துவரல. லாங் சைஸ் நோட்டுல ஒவ்வொரு கேட்டுக்கும் நானோஆம்ப் எழுதி எழுதித்தான் தப்பயே புடிச்சேன்.

வைவால டெம்பரேச்சர் கண்டிப்பா கேப்பாங்க. தெர்மல் வோல்டேஜ் லூப்புக்குள்ளயே கேன்சல் ஆயிரும், இன்புட்ட வோல்டேஜா குடுக்கற எடத்துல மட்டும் டெம்பரேச்சரோட சேந்து ஏறுற ஸ்கேலிங் வேணும்னு சொன்னேன், எக்ஸ்டர்னல் தலையாட்டுனாரு. அப்புறம் ஏன் போன்ல இது இல்லன்னாரு. 5ஜி-ல எல்டிபிசிங்கற எரர் கரெக்ஷன் கோட் வந்துருச்சு சார், ஆனா டிஜிட்டல்லதான் டீகோடு பண்றாங்க, பிளாக் பெருசாக பெருசாக அனலாக்ல மிஸ்மேட்ச சமாளிக்கறது கஷ்டம்னேன். அதுவும் ஓகே.

அப்புறம் ரிப்போர்ட்ட மூடி வச்சுட்டு கேட்டாரு: "ஈக்வல் கேட்டுக்கு ஒரு பக்கம் 0.99, இன்னொரு பக்கம் 0.01. என்ன வரும்?" ஈஸின்னு நெனச்சு பாதிக்குப் பாதி சார்னேன். "சரி, நார்மலைசருக்குள்ள போறதுக்கு முன்னாடி மொத்த கரண்ட் எவ்ளோ?" நார்மலைசர் போட்டாச்சே, இனிமே மொத்தத்தப் பத்தி என்ன கவலைன்னு இருந்தவன் நான். முழிச்சேன். அவரே போர்டுல போட்டாரு: 50 ஃபெம்டோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கற ஒரு நோட்ல (சர்க்யூட்ல வயர் சேர்ற புள்ளி) 100 நானோஆம்ப் ஓடுனா டைம் கான்ஸ்டன்ட் (செட்டில் ஆகற வேகத்தோட அளவு) 18 நானோசெகண்ட், 1 நானோஆம்ப்னா 1.8 மைக்ரோசெகண்ட். "ரெண்டு இன்புட்டும் சண்டை போடற நேரத்துலதான் தம்பி டீகோடர் வேலையே செய்யணும், உன் சர்க்யூட் அப்பதான் தூங்குது. ஸ்பீடு டேபிள்ல இந்த கேஸ் எங்க?" எங்கயும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒத்துப்போற இன்புட்ட மட்டும்தான் அளந்திருந்தேன்.

வெளிய வந்து வராண்டால கால்குலேட்டர்ல தட்டிப் பாத்தேன். நூத்துக்கு 1.98.