எம்.சிஎச். லாங் கேஸில் கீழ்க்கால் காயம் வந்தால்

வேலூரில் பிளாஸ்டிக் சர்ஜரி எம்.சிஎச். (உயர் அறுவை சிகிச்சைப் பட்டம்) செய்முறைத் தேர்வு எழுதுகிறவர் லாங் கேஸுக்கு (ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்து விவாதிக்கும் பகுதி) ஜோசியம் பார்க்க வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. வாலாஜாவிலோ பள்ளிகொண்டாவிலோ பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் வார்டில் இருப்பார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட் வேலை செய்த ஊர் என்று எல்லோரும் டெண்டன் டிரான்ஸ்ஃபரை (தசைநாரை இடம் மாற்றிப் பொருத்துவது) உருப்போடுகிறார்கள். எனக்கு வந்தது கால்.

கீழ்க்கால் புண்ணை மூட மேல் பகுதிக்கு காஸ்ட்ராக்னீமியஸ், நடுப்பகுதிக்கு சோலியஸ் (இரண்டும் கெண்டைக்கால் தசைகள்), கீழே ஃப்ரீ ஃப்ளாப் (வேறிடத்துத் திசுவை ரத்தநாளத்தோடு எடுத்து வந்து இணைப்பது) என்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஒப்பித்தால் மார்க் ஏறாது. இந்த ஆளுக்கு, இந்தக் காலுக்கு ஏன் என்றுதான் கேட்பார்கள்.

நான் பார்த்தவர் லோடுமேன். வெளியே எலும்பைப் பிடிக்கும் ஃபிக்ஸேட்டர் கம்பி. கணுக்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலப் புண். நடுவில் டைபியா எலும்பு மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. "பீடி உண்டாண்ணே?" என்றேன். "ஒரு கட்டு ஓடும் சார்." அந்த ஒரு பதிலில் பாதி வைவா (வாய்மொழித் தேர்வு) இருந்தது. ரிவர்ஸ் சூரல் (கெண்டைக்கால் தோலைக் கீழ்நோக்கித் திருப்பும் ஃப்ளாப்) ஏன் வேண்டாம் என்று எக்ஸாமினர் கேட்டதும், அதற்கு ரத்தம் தரும் பெரோனியல் பெர்ஃபரேட்டர் (தோலுக்கு ஏறும் சிறுநாளம்) வெளிக்கணுவுக்கு மேல் 5 செ.மீ. அளவில் இருப்பதையும், அடிபட்ட வட்டம் அங்கேயும் எட்டுவதையும், பீடிக்காரருக்கு நுனி கறுக்கும் பயத்தையும் சொன்னேன். அடுத்து நாடி. பாதத்தின் மேல்நாடி கிடைக்கவில்லை, உட்கணுவுக்குப் பின்னால் போஸ்டீரியர் டிபியல் நாடி கிடைத்தது. இருக்கிற ஒரே நாளத்தை வெட்டாமல், ஃப்ளாப்பின் நாளத்தை அதன் பக்கவாட்டில், எண்ட்-டு-சைடாக இணைப்பேன் என்றதும் அவர் தலையாட்டினார்.

திறந்த எலும்பு முறிவின் கடுமையைச் சொல்லும் கஸ்டிலோ வகையை வார்டில் அடித்துச் சொல்லாதீர்கள். டிப்ரைட்மென்ட் (செத்த திசுவை வெட்டிச் சுத்தம் செய்வது) முடிந்த பிறகுதான் அது உறுதியாகும். அதில் 3பி (எலும்பை மூட ஃப்ளாப் தேவைப்படும் வகை) என்பதும் பெரிய கூடை. அதைப் பிரித்துப் பார்க்க கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் ஸ்கோர் உதவும்: தோல், எலும்பு, தசை-நரம்பு தனித்தனி மதிப்பெண், கூடவே நோயாளியின் மற்ற பிரச்சினைகள். 14-க்குள் என்றால் காலைக் காப்பாற்றலாம், 17-உம் அதற்கு மேலும் என்றால் ஆம்புடேஷன் (காலை எடுப்பது) பக்கம் சாயும், இடையில் அனுபவம்தான் பேசும். உள்ளங்காலில் உணர்ச்சி இல்லை என்பதை மட்டும் வைத்துக் காலை எடுக்கச் சொன்னால் எக்ஸாமினர் விட மாட்டார். பலருக்கு அது திரும்பி வருகிறது.

கோடினா 1986-இல் எழுதிய 72 மணி நேரக் கணக்கு (அதற்குள் ஃப்ளாப் வைத்து மூடினால் நல்லது என்பது) கண்டிப்பாக வரும். 'இவர் தாமதமாக வந்தாரே?' என்பது அதன் வால். வேக்யூம் டிரஸ்ஸிங் (கசிவை உறிஞ்சும் கட்டு) என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். காய்ந்த எலும்பை ரத்தம் கசியும் வரை செதுக்கிவிட்டு மூடுவேன் என்று சொல்லுங்கள்.

மேல்பகுதிப் புண் வந்தால் காஸ்ட்ராக்னீமியஸின் மீடியல் ஹெட்டையே (உட்பக்கப் பகுதி) எடுங்கள். நீளம் அதிகம், லேட்டரல் (வெளி) பக்கம் காமன் பெரோனியல் நரம்பு குறுக்கே நிற்கும். டேப்பும் மார்க்கரும் சொந்தமாகக் கொண்டு போங்கள். டாப்ளரும்தான் (ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி), வார்டு டாப்ளரில் பேட்டரி இருந்து நான் பார்த்ததில்லை.